அடித்துத் திருத்திய தாள்கள்

ஜூலை 3

அன்புள்ள மனைவிக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

நீ கிளம்பிப் போய் இன்றோடு பதினேழு நாள். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது, அதனால் நவம்பர் முடியும்வரை கடிதம் மட்டும்தான், அதுவும் கையால் எழுதிய கடிதம் என்று நீ போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத் தாளை எடுத்திருக்கிறேன். தபால் தலை வாங்கப் போனால் அங்கிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கடிதமா? நெஜமாவே கடிதமா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

வீட்டு நிலவரம். பால்கனிச் செடிகளில் இரண்டு காய்ந்துவிட்டன. மூன்றாவது உயிரோடு இருக்கிறதா என்று தெரியவில்லை. துணி துவைக்கும் இயந்திரத்தின் கதவு திறக்க மறுக்கிறது, உள்ளே என் நான்கு சட்டைகள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. மற்றபடி எல்லாம் சரி.

பல்கலைக்கழகத்தில் ஒரு புதுத் தலைவலி. எல்லாத் துறை மாணவர்களுக்கும் ஏஐயைப் பயன்படுத்தவும் சந்தேகப்படவும் கற்றுக்கொடுக்க ஒரு கட்டாயப் பாடம் வருகிறது. துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு அதை என் தலையில் கட்டிவிட்டார். "சார், நான் இருபது வருஷமா மண்ணைப் பத்திப் பாடம் எடுக்கறவன். எனக்கு எதுக்கு இது?" என்றேன். "உங்களுக்குத்தான் சந்தேகப் புத்தி ஜாஸ்தி. மண்ணையே நம்ப மாட்டீங்களே" என்றார். பாராட்டா திட்டா என்று புரியவில்லை. பாடத்திட்டத்தைக் கேட்டேன். "நீங்களே ஒண்ணு போடுங்க. வேணும்னா ஏஐகிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

எங்கே ஆரம்பிப்பது என்று ஒன்றும் விளங்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் கணவன்


ஜூலை 12

மண்ணாங்கட்டி அவர்களுக்கு,

"அன்புள்ள மனைவிக்கு" என்று ஆரம்பித்து "உன் கணவன்" என்று முடிக்க இதென்ன விண்ணப்பப் படிவமா? உறவுமுறைக்கு எதிரே டிக் அடித்து அனுப்பியிருந்தாலும் இதே சங்கதிதான் இருந்திருக்கும். கல்யாணமான புதிதில் நான் வைத்த பெயரிலேயே உங்களைக் கூப்பிடுகிறேன். மண்ணைப் படித்தவருக்கு வேறென்ன பெயர் வைப்பது?

துவைக்கும் இயந்திரத்தை மின்சாரத்திலிருந்து பிடுங்கி ஐந்து நிமிடம் விடுங்கள், கதவு தானாகத் திறக்கும். பதினேழு நாளாக உள்ளே இருந்தால் சட்டைகளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். மூன்றாவது செடி செத்துவிட்டது. எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

என் அறை ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருக்கிறது. காலை ஏழு மணிக்குக் காற்றடிக்கும் இயந்திரம் உறும ஆரம்பித்தால் படுக்கை அதிரும். ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் எதிர் வீட்டு ஜன்னல். லேப் நடந்துபோகும் தூரம்தான். பல் செட் கட்டும் வேலை எங்கே போனாலும் ஒன்றுதான். அச்சு வரும், மெழுகில் பல்லை அடுக்க வேண்டும், ஈறு கட்ட வேண்டும். முதலாளியம்மா நல்ல மாதிரி. புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களுக்குச் சொல்லித்தரச் சொல்லியிருக்கிறார். நான் அவர்களுக்குச் சொன்ன முதல் பாடம் இது: பல்லை ஒரே வரிசையாக அடுக்காதீர்கள். ஒன்று கொஞ்சம் திரும்பியிருக்கட்டும், அடியில் லேசாக மஞ்சள் இருக்கட்டும். வரிசை சுத்தமாக இருந்தால் பார்க்கிறவர் கண் உடனே பொய் என்று சொல்லிவிடும்.

என்னை நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்வதாக முதலாளியம்மா சொல்கிறார். நவம்பர் முப்பதுக்குள் பதில் சொல்ல வேண்டும். சேர்ந்தால் இந்த ஊர்தான். நான் ஒளித்துப் பேசவில்லை, உங்களிடம் நேராகவே சொல்கிறேன். என் தங்கை இறந்த மறுநாள் நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறைக் குழாயைச் சரிசெய்தீர்கள். அதற்குப் பிறகும் பேசவில்லை. எட்டு மாதம் காத்திருந்தேன். நவம்பருக்குள் ஒரே ஒரு கடிதம், வீட்டு நிலவரம் இல்லாமல், உங்கள் மனதிலிருந்து எழுதுங்கள். அதைப் படித்துவிட்டுத்தான் நான் முடிவெடுப்பேன்.

பல்லம்மா
(இதுவும் நீங்கள் வைத்த பெயர்தான். மறந்திருப்பீர்கள்.)


ஆகஸ்ட் 2

பல்லம்மாவுக்கு,

மறக்கவில்லை. கதவு திறந்தது. சட்டைகளைப் பற்றிப் பேச வேண்டாம்.

வகுப்பு ஆரம்பித்துவிட்டது. எழுபது பேர், எட்டுத் துறை. முதல் நாளே ஒரு வேலை கொடுத்தேன். "உங்களுக்கு மத்தவங்களைவிட நல்லாத் தெரிஞ்ச விஷயம் ஒண்ணு எடுத்துக்கங்க. அதைப் பத்தி ஏஐகிட்ட கேளுங்க. பதில்ல தப்பு எங்கேன்னு சிவப்பு மையில குறிச்சுக் கொண்டு வாங்க." எனக்கே இது நல்ல யோசனையாகப் பட்டது.

பேக்கரிக்காரர் மகன் ஒருவன் இருக்கிறான். அவன் வீட்டு அடுப்பில் ஒரு மூலையில் மட்டும் ரொட்டி கருகும். காரணம் கேட்டிருக்கிறான். ஏழு காரணம் சொன்னதாம், ஏழும் சரியாகத்தான் படுகிறதாம். "எங்கப்பாவுக்கே நாலுதான் சார் தெரியும்" என்றான். எதைச் சிவப்பில் குறிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. நானும் முழித்தேன்.

சரி, நானே சோதிக்கிறேன் என்று எல்லார் முன்னாலும் என் பெயரைப் போட்டு, இவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் என்ன என்று கேட்டேன். ஐந்து தலைப்பு கொடுத்தது. அதில் மூன்று நான் எழுதவே இல்லை. வாய் கூசாமல் புளுகுகிறது. ஆனால் பல்லம்மா, அந்த மூன்றில் ஒரு தலைப்பு பிரமாதமாக இருந்தது. இதை ஏன் நாம் எழுதாமல் விட்டோம் என்று எனக்கு வருத்தமாகிவிட்டது. வகுப்பே சிரித்தது.

அடுத்த வாரம் வேறு மாதிரி. ஒரு மாணவியின் அறிக்கை, மண் சரியாமல் தடுக்கும் சுவரைப் பற்றியது. நான் படித்துச் சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். "இந்த அறிக்கையோட சண்டை போடு, ஓட்டை எங்கேன்னு சொல்லு" என்று அதனிடம் கேட்கச் சொன்னேன். சுவருக்குப் பின்னால் தேங்கும் மழைத்தண்ணீர் எந்த வழியாக வெளியேறும் என்று கேட்டது. இருபது வருடமாக அதையே பாடம் நடத்துகிறவன், நான் கவனிக்கவில்லை. காது சூடாகிவிட்டது.

என் குழப்பம் இதுதான். புளுகும்போதும் சரியாகச் சொல்லும்போதும் அதற்கு ஒரே குரல். தயக்கமே கிடையாது. பையன்கள் கேட்கிறார்கள், "சார், அப்ப நம்பலாமா, கூடாதா?" நான், "பாத்துக்கலாம்" என்றேன். இது ஒரு பதிலா? உனக்கு ஏதாவது யோசனை தோன்றினால் எழுது.

நீ கேட்ட விஷயம் நினைவிருக்கிறது. அந்தக் குழாய் இன்றுவரை ஒழுகவில்லை.

மண்ணாங்கட்டி


ஆகஸ்ட் 13

மண்ணாங்கட்டிக்கு,

கடிதம் முழுக்கச் சிரித்துக்கொண்டே படித்தேன். கடைசி வரி வந்ததும் தாளைக் கட்டிலில் வீசிவிட்டேன். குழாய் ஒழுகவில்லையாம். நான் கேட்டது குழாயைப் பற்றியா? உங்களோடு பேசுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்று என்று எங்கள் அம்மா சொன்னபோது உங்களுக்காகச் சண்டை போட்டேன். இப்போது அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசிக்கிறேன்.

யோசனை கேட்டீர்களே. நான் லேப் பெண்களுக்கு வைக்கும் பரீட்சையைச் சொல்கிறேன். ஒரு தட்டில் ஆறு பல் வைப்பேன். ஐந்து நாங்கள் செய்தது, ஒன்று யாரோ பிடுங்கிப் போட்ட நிஜப் பல். எது நிஜம் என்று கண்டுபிடிக்க வேண்டும். கொஞ்ச நாளில் கண் பழகிவிடும். நீங்களும் ஆறு பத்தி எழுதி வையுங்கள், ஐந்து இயந்திரம், ஒன்று மனிதர். ரொம்ப வரிசையாக இருப்பதை எல்லாம் தள்ளச் சொல்லுங்கள். மிச்சம் இருப்பது மனிதர்.

ஊருக்கெல்லாம் சந்தேகப்படச் சொல்லித்தரும் மனிதர், பெண்டாட்டி ஏன் போனாள் என்று ஒரு நாளாவது சந்தேகப்பட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

பல்லம்மா


செப்டம்பர் 9

பல்லம்மாவுக்கு,

உன் தட்டு விளையாட்டை வகுப்பில் வைத்தேன், பத்திகளை மாணவர்களே தயார் செய்தார்கள். அமர்க்களம். ஆறு பத்தியில் நான் நிஜத்தைச் சரியாகக் கண்டுபிடித்தேன், மூன்று தடவை தொடர்ந்து. எழுபது பேரில் முக்கால்வாசி தப்பாகச் சொன்னார்கள். நிஜமாக எழுதியவனே தன் பத்தியை இயந்திரம் என்று சொன்ன கூத்தும் நடந்தது. எனக்குக் கண் பழகிவிட்டது என்று ஒரே பெருமை. இப்போது அறிவிப்புப் பலகையில் எதைப் பார்த்தாலும் இது ஏஐ எழுதியது, அது மனிதர் எழுதியது என்று சொல்லிக்கொண்டே நடக்கிறேன். நூலகர் என்னைக் கண்டால் ஒதுங்குகிறார்.

இப்போது ஒரு சிக்கல். ஜன்னலோரம் உட்காரும் ஒரு பெண் இருக்கிறாள். வாயே திறக்க மாட்டாள். நான் அவளை மனதுக்குள் ஜன்னல் என்றுதான் கூப்பிடுவேன். போன வருடம் அவளுடைய ஆய்வக நோட்டைப் பார்த்து, "கோழி கிளறின மாதிரி இருக்கு, ஒழுங்கா எழுது" என்று திட்டியிருக்கிறேன். வீட்டில் யாராவது ஒருவருடைய வேலையைப் பற்றி, இயந்திரத்தின் உதவி இல்லாமல் இரண்டு பக்கம் எழுதச் சொன்னேன். அவள் கொண்டுவந்ததில் ஓர் அடித்தல் இல்லை, ஒரு வாக்கியம் பிசகவில்லை. "உழைப்பு என்பது மனிதனை உயர்த்தும் ஏணி" என்று ஆரம்பிக்கிறது. உன் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். ஒரே வரிசை. பூஜ்யம் போட்டேன்.

கூப்பிட்டுக் கேட்டேன். "இதை நீ எழுதலை."

"நான்தான் சார் எழுதினேன்."

"அப்ப நிரூபி."

"சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அழுதிருந்தால் தேவலை. சண்டை போட்டிருந்தாலும் தேவலை. அந்த "சரி" எனக்குள் ஒரு வாரமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. செய்தது சரியா தப்பா? உன்னிடம்தான் கேட்க முடியும்.

மண்ணாங்கட்டி


செப்டம்பர் 20

மண்ணாங்கட்டிக்கு,

கூப்பிட்டுக் கேட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே கேட்டீர்கள்? "எப்படிம்மா எழுதினே?" என்று கேட்பதுதான் கேள்வி. தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டால் அதற்குப் பெயர் கேள்வியா? பல்லில் தப்புச் செய்தால் உருக்கி மறுபடி ஊற்றலாம். அவள் வயதுப் பெண்ணின் மனதை எதில் ஊற்றுவீர்கள்? போய்ப் பேசுங்கள்.

நிரந்தர வேலைக்கான தாள் வந்துவிட்டது. மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். தினமும் ஒரு தடவை எடுத்துப் பார்க்கிறேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இன்னும் உங்கள் கடிதம் வரவில்லை. நான் எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

பல்லம்மா


அக்டோபர் 14

அன்பே,

நீ இல்லாத இந்த வீடு வெறும் சுவர்களாகவே நிற்கிறது. ஒவ்வொரு அறையிலும் உன் நினைவு நிறைந்திருக்கிறது. இழந்த பிறகுதான் ஒருவரின் அருமை புரியும் என்பார்கள். அதை இன்று முழுமையாக உணர்கிறேன்.

உன் துயரத்தில் நான் உன்னோடு நின்றிருக்க வேண்டும். என் மௌனம் அன்பின்மை அல்ல, சொல்லத் தெரியாத அன்பு. வார்த்தைகள் என்னைக் கைவிட்டன; ஆனால் என் இதயம் உன்னைக் கைவிடவில்லை.

மன்னிப்பு கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். நம் வாழ்க்கையின் மீதிப் பக்கங்களை நாம் சேர்ந்தே எழுதுவோம். திரும்பி வா.

என்றும் உன்


அக்டோபர் 22

ஐயா,

உங்கள் அக்டோபர் 14 தேதியிட்ட கடிதத்தைத் திருத்தி இத்துடன் இணைத்திருக்கிறேன். சிவப்புப் பேனா வாங்கக் கடைக்குப் போனேன். பத்துக்குப் பூஜ்யம்.

"வெறும் சுவர்களாகவே நிற்கிறது." நீங்கள் சுவரைப் பற்றிப் பேசினால் அதன் தடிமன் வராமல் இருக்காது. "வார்த்தைகள் என்னைக் கைவிட்டன, ஆனால் என் இதயம் உன்னைக் கைவிடவில்லை." இதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். கீழே சைக்கிள் கடைக்காரர் கேட்டிருந்தால் சினிமாவுக்கு வசனம் எழுதுகிறேன் என்று நினைத்திருப்பார். "அன்பே"யாம். பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டிருக்கிறீர்களா? ஓர் அடித்தல் இல்லை, ஒரு பிசகு இல்லை. பல்லம்மா என்ற பெயர்கூட இல்லை.

கையெழுத்து உங்களுடையதுதான். கையைத் தவிர அந்தத் தாளில் உங்களுடையது வேறு எதுவும் இல்லை. நான் உங்களிடம் கேட்டது ஒரே ஒரு கடிதம். அதையும் அந்த இயந்திரத்திடம் கேட்டு வாங்கிப் பார்த்து எழுதி அனுப்ப உங்களுக்கு மனம் வந்ததா? நீங்கள் ஒன்றும் எழுதாமலே இருந்திருக்கலாம். மௌனமாவது உங்கள் சொந்தச் சரக்கு.

அழுதேன். சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. நவம்பர் முப்பதாம் தேதிவரை காத்திருக்கத் தேவை இல்லை என்று நினைக்கிறேன். இந்த வாரம் அம்மா வருகிறாள், சில வாரம் என்னோடு இருப்பாள். அவள் போனதும் கையெழுத்துப் போடுகிறேன்.


நவம்பர் 3

பல்லம்மாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று பதில் எழுத உட்கார்ந்தேன். "நான்தான் எழுதினேன்" என்று எழுதினேன். அடுத்த வரியில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எப்படி நிரூபிப்பது? "சரி" என்று எழுதினேன். அந்தச் சொல்லைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். ஜன்னல் சொன்ன அதே சொல்.

மறுநாள் காலை முதல் வேலையாக அவளைத் தேடிப் போனேன். படிக்கட்டில் உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "உக்காரும்மா. அந்தக் கட்டுரையை எப்படி எழுதினே?" என்று கேட்டேன். நீ சொல்லி ஒரு மாதம் கழித்துக் கேட்டேன், திட்டு.

பைக்குள்ளிருந்து மடித்த தாள்களை எடுத்தாள். பதினோரு தாள். "அன்னைக்கே காட்டியிருக்கலாமே" என்றேன். "அழுக்கா இருக்கு சார். நீங்கதானே ஒழுங்கா எழுதச் சொன்னீங்க" என்றாள். முதல் தாளில் அவள் அப்பா, கட்டடங்களில் லிப்ட் பழுது பார்ப்பவர். வீட்டுக்கு வந்ததும் காது கேட்கவில்லை என்று டிவியைச் சத்தமாக வைப்பாராம். கைரேகையில் கிரீஸ் போகாதாம், அதனால் விரலை வைத்துத் திறக்கும் போன் அவருக்குத் திறக்காதாம். நல்ல விஷயம் எல்லாம் அந்தத் தாளில்தான் இருந்தது. இரண்டாவது தாளில் பாதி போயிருந்தது. பதினோராவது தாளில் அப்பாவே இல்லை, ஏணிதான் இருந்தது. பல்கலைக்கழகத்துக்குப் பொருத்தமாக இருக்காது என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாளாம்.

வகுப்பில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். தட்டு விளையாட்டை நிறுத்திவிட்டேன். இனிமேல் எதை எழுதினாலும் அடித்துத் திருத்திய தாள்களோடு தர வேண்டும். ஏஐயைப் பயன்படுத்தினால் பயன்படுத்தட்டும். அதனிடம் என்ன கேட்டார்கள், அது சொன்னதில் எதை வைத்துக்கொண்டார்கள், எதை ஏன் அடித்தார்கள், எதைச் சரிபார்த்தார்கள், எல்லாம் அந்தத் தாளில் தெரிய வேண்டும். பேக்கரிப் பையன், "நல்ல தாளைவிட இதுக்குத்தான் சார் அதிக நேரம் ஆகுது" என்று புலம்புகிறான். ஆகட்டும்.

இப்போது என் விஷயம். உன்னிடம் ஒளிக்க மாட்டேன். அக்டோபரில் ஒரு நாள் நான் அதனிடம் கேட்டேன். மனைவிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதித் தா என்று. கணத்தில் தந்தது. படித்தேன், அழகாக இருந்தது, மூடிவிட்டேன். அதில் ஒரு வரியைக்கூட எடுக்கவில்லை, சத்தியம். அதற்குப் பிறகு நானே எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதைப் படித்த கண்ணோடு என் வரிகளைப் பார்த்தால் எல்லாம் கோணலாகத் தெரிந்தன. வெட்கமாக இருந்தது. ஒவ்வொன்றாக அடித்தேன். ஏழாவது தடவை சுத்தமாக எழுதியதுதான் உனக்கு வந்தது. கை என்னுடையது, எழுதியது நான்தான். ஆனால் எதுவரை நான், எதுவரை அது என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. எழுபது பேருக்கு இதைத்தான் சொல்லித்தருகிறேன் என்று நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

ஆறு தாளையும் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து வைத்திருந்தேன். எதற்கு எடுத்தேன் என்று தெரியாது. இத்துடன் அனுப்புகிறேன். கசங்கலை நீவிவிடவில்லை. ஒன்றில் டீ கொட்டியிருக்கிறது.

நீ கையெழுத்துப் போட்டிருந்தால் போட்டதாக இருக்கட்டும். இதைப் படித்தால் போதும்.

மண்ணாங்கட்டி


நவம்பர் 12

மண்ணாங்கட்டிக்கு,

உறை வந்தபோது கனமாக இருந்தது. விவாகரத்துத் தாள் என்று நினைத்து ஒரு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். அம்மாதான், "பிரிச்சுப் பாருடி, கடிச்சா தின்னப் போகுது?" என்றாள்.

ஆறையும் தரையில் பரப்பி வைத்துப் படித்தேன். முதல் தாளில் பாதி, நம் வீட்டுக் குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைப் பற்றி இருக்கிறது. அது ஏன் இருக்கிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. இரண்டாவதில் "பல்லம்மா" என்று எழுதி அடித்து, "அன்புள்ள" என்று எழுதி அதையும் அடித்து, மறுபடி "பல்லம்மா". நான்காவதில்தான் டீ.

மூன்றாவதில் ஒரு பத்தியைக் குறுக்கே கோடு போட்டு அடித்து, ஓரத்தில் "அதிகப்பிரசங்கம்" என்று எழுதியிருக்கிறீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். அதை அப்படியே உங்களுக்குத் திருப்பி எழுதுகிறேன், நீங்கள் மறந்திருக்கக்கூடும்.

"உன் தங்கை போன மறுநாள் நீ சமையலறையில் நின்று குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு சொட்டு விழும்போதும் உன் இடது தோள் லேசாகத் தூக்கிப் போட்டது. நான் வாசலில் நின்று பதினாறு சொட்டு எண்ணினேன். பதினாறு தடவையும் தூக்கிப் போட்டது. சொட்டை நிறுத்தினால் தோள் நிற்கும் என்று நினைத்தேன். நிறுத்தினேன். உன் தோள் நின்றதா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை."

இதை ஏன் அடித்தீர்கள்? எட்டு மாதம் நான் இதற்குத்தானே காத்திருந்தேன். நல்ல பல்லை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு எனக்குப் பல் செட்டை அனுப்பினீர்கள்.

அம்மா கேட்டாள், "இந்தக் கிறுக்கலையும் அந்த மெஷினே போட்டுக் குடுத்திருந்தா?" நானும் அதை யோசித்தேன். கேட்காமலே தீர்ப்புச் சொன்னீர்கள் என்று உங்களைத் திட்டிவிட்டு நானே கேட்காமல் பூஜ்யம் போட்டவள், அதனால் இந்தத் தடவை நன்றாக யோசித்தேன். என் தோள் தூக்கிப் போட்டது அதற்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது. அந்தச் சமையலறையில் என் பின்னால் நின்றவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அந்த ஜன்னல் பெண்ணிடம் என் சார்பாகவும் மன்னிப்புக் கேளுங்கள். அளவுகோல் என்னுடையது.

கையெழுத்து இன்னும் போடவில்லை. போட மாட்டேன் என்றும் முதலாளியம்மாவிடம் சொல்லவில்லை. உங்கள்மேல் கோபம் தீரவில்லை. தீர்ந்த மாதிரியும் இருக்கிறது. எது நிஜம் என்று இந்த நிமிடம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இந்தக் கடிதத்திலேயே ஐந்து இடத்தில் அடித்திருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். திரும்ப எழுதப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்குப் போன் பண்ணுவேன். நான் போட்ட சட்டத்தை நானே எடுத்துவிட்டேன். மூன்றாவது நிமிடம் சண்டை வரும். வரட்டும். போனை எடுங்கள், வைத்துவிடாதீர்கள்.

பல்லம்மா